தெற்கே பார்த்துப் பொங்கும் பொங்கல்

நவம்பர் கடைசி வாரம் நெருங்கினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கோயில் கொடியேறப் போகிற ஊரில் சிறுபிள்ளைகள் எப்படித் திரிவார்களோ அப்படித் திரிவேன். அலுமாரிக்கு மேலே இருக்கும் பெட்டியை இறக்குவேன். மண் சிட்டிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பேன். நல்லெண்ணெய் காணுமா, பஞ்சு காணுமா, மெழுகுதிரி எத்தனை கட்டு இருக்கிறது என்று மூன்று தடவை எண்ணிப் பார்ப்பேன். நவம்பர் 27ஆம் திகதி அளவில் எங்கள் ஊரில் சூரியன் மறையும். அடுத்த நாள் உதிக்காது. அதற்கடுத்த நாளும் உதிக்காது. ஜனவரி நடுப்பகுதி வரை ஏழு கிழமைகள் அது தொடுவானத்துக்கு மேலே தலை காட்டாது. அந்த ஏழு கிழமைகளைத்தான் நான் வருஷம் முழுக்கக் காத்திருந்து வரவேற்கிறேன்.

ஊரின் பெயர் திரொம்சோ. நோர்வேயின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தள்ளி, கடலும் மலையும் சூழ்ந்த ஒரு தீவில் இருக்கிறது. இந்த இருட்டுக் காலத்துக்கு இங்கே 'மொர்க்கெதீ' என்று பெயர். இருள் நேரம் என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் உறவுகளுக்கு இதைச் சொன்னால் முதலில் வருகிற சொல் "ஐயோ". அந்த ஐயோவை மாற்றத்தான் இதை எழுதுகிறேன். என் வாழ்க்கையில் கடவுளை மிகக் கிட்டத்தில் நான் கண்டது இந்த ஏழு கிழமைகளில்தான். வேறு எந்தப் பருவத்திலும், எந்தத் திருவிழாக் கூட்டத்திலும் அப்படி ஒரு கிட்டம் எனக்கு வாய்க்கவில்லை.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைப் போக்கிவிடுகிறேன். சூரியன் வராது என்றால் இருபத்து நாலு மணி நேரமும் கும்மிருட்டு என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். வருஷத்தின் மிகக் குறுகிய நாளான டிசம்பர் 21இல்கூட நண்பகலில் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே மூன்று பாகைதான் இறங்கி நிற்கிறது. நம் ஊரில் பொழுது சாய்ந்து பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து வானம் எப்படி இருக்கும், அந்த அளவுதான். ஆனால் நம் ஊரில் அது கண்ணைச் சிமிட்டுவதற்குள் போய்விடும். இங்கே அந்த வெளிச்சம் மணிக்கணக்கில் தங்கும். காலை ஒன்பது ஒன்பதரைக்கு வானம் கருநீலத்திலிருந்து மெல்லக் கழுவிவிட்டாற்போல் வெளுக்கும். பதினொரு மணிக்குத் தெற்குப் பக்கம் செம்பருத்தி இதழின் நிறம் படரும். அதற்கு நேரெதிரே, வடக்கில், இன்னும் இரவு இருக்கும். நடுவில் பனி மூடிய மலைகள் நீலமாக நிற்கும். நீலம் என்றால் எப்படிச் சொல்ல? முருகன் கோயில் மயிலின் கழுத்தில் வெயில் படாத பக்கம் ஒரு நீலம் இருக்குமே, அது. பனியெல்லாம் அந்த நீலம், கடல் அந்த நீலம், எதிரே வருகிறவரின் முகம்கூட அந்த நீலம். இரண்டு மணிக்கெல்லாம் இது முடிந்துவிடும். வருஷம் முழுக்க வெயில் காயும் ஊரில் வளர்ந்த எனக்கு, ஒரு நாளின் வெளிச்சத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்க்கலாம் என்பதே இங்கே வந்துதான் தெரிந்தது.

வந்த உடனே இப்படிப் பேசவில்லை நான். 2011 ஒக்டோபரில் கலியாணமாகி வந்தேன். முதல் குளிர்காலம் முழுக்க ஜன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டுக் கட்டிலில் கிடந்தேன். கண் விழித்தால் இருட்டு; விடிந்ததா, பொழுது பட்டதா என்று கைபேசியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சமைக்க மனம் வராது. சாமிப் படத்துக்கு முன் நின்றால் ஒரு தேவாரம்கூட வாயில் வராது. கணவர் வேலைக்குப் போனபின் மேசை விளக்கைக்கூடப் போடாமல் இருப்பேன். எல்லா விளக்கையும் போட்டாலும் இது இருட்டுத்தானே, எதற்கு ஒன்றைப் போடுவது என்று இருந்தது எனக்கு.

அடுத்த ஆண்டு, மொழிப் பயிற்சிக்காக ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் என்னைச் சேர்த்தார்கள். காலை ஏழு மணி வேலை. முதல் ஞாயிறு வேலையிலேயே ஒரு பாட்டியின் அறைக்குள் போய், பழக்கதோஷத்தில் முகட்டு விளக்கின் சுவிட்சைத் தட்டினேன். அவர் கையை உயர்த்தி வேண்டாம் என்றார். மேசை மேலே இருந்த சின்ன விளக்கைக் காட்டினார். பற்றரியில் எரிகிற மெழுகுதிரி. இல்லத்தில் நெருப்பு வைக்க விடமாட்டார்கள். அதை என் கையாலேயே போடச் சொன்னார். பிறகு, "யெந்தா மி, இப்ப ஜன்னலைப் பார்" என்றார். 'என் பெண்ணே' என்று வடக்கு நோர்வேக் கிழவிகள் அன்பாய்க் கூப்பிடுகிற விதம் அது. ஜன்னலுக்கு வெளியே பனியும் மலையும் அந்த நீலத்தில் நின்றன. முகட்டு விளக்கைப் போட்டிருந்தால் கண்ணாடியில் என் முகம் மட்டும்தான் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். தேத்தண்ணி ஆறிப்போனது.

அவர் ஃபின்மார்க்கில் பிறந்தவர். 1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிப் போன ஜெர்மன் படை ஃபின்மார்க்கையும் அதை ஒட்டிய வட பகுதிகளையும் வீடு வீடாக எரித்துக்கொண்டு போனது. சுமார் 50,000 சனத்தைத் தெற்கே போகச் சொல்லி விரட்டினார்கள். போக மாட்டோம் என்று ஆயிரக்கணக்கானவர்கள் குகைகளிலும் புல்மண் குடிசைகளிலும் ஒளிந்துகொண்டார்கள். அந்தக் குளிர்காலத்தை, அதாவது இதே இருட்டுக் காலத்தை, அவர் எட்டு வயதில் ஒரு குகைக்குள் கழித்திருக்கிறார். மீன் ஈரல் எண்ணெயில் திரி போட்டு ஒரேயொரு விளக்கு. புகை தெரியக்கூடாது, வெளிச்சம் வெளியே போகக்கூடாது என்று வாசலில் போர்வை தொங்கவிட்டு, அந்த விளக்கைச் சுற்றி எல்லாரும் நெருங்கி இருப்பார்களாம். எனக்கு அரைகுறை நோர்வீஜிய மொழி. ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்காமல் போகவில்லை.

ஏனென்றால் எனக்கும் அப்படி ஒரு விளக்கு தெரியும். 1990இலிருந்து, போர்க் காலத்தில், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. மண்ணெண்ணெய்க்குத் தடை, கிடைத்தாலும் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரி போட்டால் ஒரு மொட்டுச் சுடர் இரவெல்லாம் எரியும். என் தலைமுறை அந்தச் சுடரில்தான் ஆனா ஆவன்னா எழுதியது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை, மழைக்குள், ஊரே எழுந்து நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி நடந்தது. எனக்கு ஒன்பது வயது. அம்மம்மா உரப்பையில் எடுத்துவந்தது மூன்றே மூன்று பொருள். அதில் ஒன்று காமாட்சி விளக்கு. இதை நான் பாட்டிக்குச் சொன்னேன். தெரிந்த சொற்களை அடுக்கி, தெரியாததைக் கையால் காட்டி. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப உனக்குத் தெரியும்" என்றார். என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் சீலையைக் கழற்றி மடித்து வைத்தேன். அலுமாரியில் துணிக்குள் சுற்றிக் கிடந்த மண் சிட்டியை எடுத்து ஏற்றினேன். பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அந்தச் சீலையை நான் திரும்ப மாட்டவே இல்லை.

கண் திறந்தபின் பார்த்தால், ஊரே விளக்காக இருக்கிறது! ஒவ்வொரு ஜன்னலிலும் தாளில் செய்த ஒரு நட்சத்திரம்; உள்ளே மின்குமிழ். அதற்குக் கீழே ஏழு திரி வைத்தாற்போல் முக்கோணமாக எரியும் ஒரு விளக்குத் தண்டு. மாடிக் குடியிருப்புகளில் ஒரு ஜன்னல் தப்பாமல் எல்லாவற்றிலும் இருக்கும். திருவருகைக் காலம் என்று நம் ஊர்க் கத்தோலிக்கர் சொல்வார்களே, கிறிஸ்துமஸுக்கு முந்திய நாலு ஞாயிறு, அதன் முதல் ஞாயிறு மாலையில் அந்தந்த வீட்டுக்காரர் நட்சத்திரத்தை மாட்டுவார்கள். மேசையில் நாலு ஊதா மெழுகுதிரிகள். முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு, இப்படி ஏற்றிக்கொண்டே போவார்கள். மகிழ்ச்சிக்கு ஒன்று, நம்பிக்கைக்கு ஒன்று, ஏக்கத்துக்கு ஒன்று, சமாதானத்துக்கு ஒன்று. ஏக்கத்துக்கும் ஒரு திரி வைத்திருக்கிறார்களே, அதை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும். வெளிநாட்டில் வாழ்கிற எங்களுக்கு என்றே வைத்த மாதிரி. வெளியே இருட்டுக் கூடக் கூட, உள்ளே திரி கூடிக்கொண்டு போகிறது. இதைவிடத் தெளிவாக ஒரு வேதத்தைப் பாலர் பாடசாலைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

நமக்கும் அதே நாட்களில்தானே விளக்கீடு! கார்த்திகைப் பௌர்ணமி நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வரும். சூரியன் போய்ச் சேருகிற கிழமையும் அதுவும் பல வருஷங்களில் ஒட்டிக்கொண்டே வருகின்றன. ஊரில் படலையடியில் வாழைக்குற்றி நட்டு, அதன் தலையில் எண்ணெய்விட்டுத் திரி கொளுத்துவோம். தடியில் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்த பந்தங்களைக் கிணற்றடி, மாட்டுக் கொட்டில், தோட்டத்து மூலை என்று குத்திக்கொண்டு போவோம். வீட்டு எல்லைக்குள் இருட்டு ஒளிய ஒரு மூலை இருக்கக்கூடாது என்பது அம்மம்மாவின் கணக்கு. இங்கே வாழைக்குற்றிக்கு எங்கே போவது? பனியை உருட்டிப் பிடித்துக் குற்றியாக்கி, அதன் நடுவில் குழி தோண்டிச் சிட்டியை வைக்கிறோம். பனிக்குள் சுடர் எரிகிறபோது அந்தக் குற்றி முழுவதும் உள்ளிருந்து பொன்னிறமாகும். பார்த்திருக்கிறீர்களா அப்படி ஒன்றை? எண்ணெய் தீரும்வரை காற்றுப் படாமல், அசையாமல் எரியும். முதல் முறை ஏற்றியபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் அவர்களே பனிக்குற்றி செய்து வைத்துவிட்டு எண்ணெய் கேட்டுக் கதவைத் தட்டினார்கள்.

டிசம்பர் 13 லூசியா நாள். விடியற்காலையில் பாலர் பாடசாலைக்குப் பெற்றோரை வரச் சொல்வார்கள். கூடத்தில் ஒரு விளக்கும் இருக்காது. தூரத்திலிருந்து பாட்டு வரும். பிறகு வெள்ளை அங்கியும் தலையில் மினுக்கமும் கையில் விளக்குமாக நாலு வயசு, ஐந்து வயசுப் பிள்ளைகள் வரிசையாக நடந்து வருவார்கள். முன்னால் வருகிற பிள்ளையின் தலையில் ஒரு விளக்குக் கிரீடம். லூசியா இத்தாலியின் சிராக்கூஸ் நகரத்தில் 304ஆம் ஆண்டு உயிர்விட்ட புனிதை. அவருடைய பெயரிலேயே ஒளி என்ற இலத்தீன் சொல் இருக்கிறது. பழைய நாட்காட்டியில் வருஷத்தின் மிக நீண்ட இரவு இதுதான் என்று இந்தப் பக்கத்து மக்கள் கணக்கு வைத்திருந்தார்கள். அந்த இரவின் நடுவே பிள்ளைகளைக் கையில் விளக்கோடு அனுப்பலாம் என்று யோசித்த சனத்தை நான் விழுந்து கும்பிடுவேன். என் மகள் அந்த வரிசையில் வந்த ஆண்டு நான் தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்தில் நின்ற நோர்வேத் தகப்பனும் அழுதார். பிறகு எல்லாருக்கும் குங்குமப்பூ போட்டு மஞ்சளாய்ச் சுட்ட சுருள் பணிஸும் கோப்பியும் கிடைத்தது.

மூன்று நாள் கழித்து மார்கழி பிறக்கிறது. என் இருட்டுக் காலத்தின் நடுச்சுளை இதுதான்.

யாழ்ப்பாணத்தில் திருவெம்பாவைக் காலம் பத்து நாள். திருவாதிரையோடு முடியும். அந்தப் பத்து நாளும் விடிய முந்தியே சங்கு ஊதிக்கொண்டு, சேமக்கலம் அடித்துக்கொண்டு, பாடுகிற கூட்டம் தெருத்தெருவாக வரும். போர்வைக்குள் கிடந்தபடி அந்தச் சத்தம் எங்கள் ஒழுங்கைக்குத் திரும்புகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். மாணிக்கவாசகரின் அந்த இருபது பாட்டும் நித்திரையில் கிடக்கிற தோழியை எழுப்புவதில்தான் தொடங்குகின்றன. அதன் முதல் அடியே தொடக்கமும் முடிவும் இல்லாத ஓர் ஒளியைத்தான் பேசுகிறது. ஊரில் பாடியபோது இதை நான் கவனித்ததே இல்லை. எப்படியும் ஆறரைக்கு வெயில் வரப்போகிறது. ஒளியைப் பற்றி என்ன யோசனை? திரொம்சோவில் காலை ஐந்து மணிக்குக் குசினியில் விளக்கேற்றிவிட்டு அதைப் பாடிப் பாருங்கள். வெளியே இரவு. எட்டு மணிக்கும் இரவு. நாள் முழுக்கப் பார்த்தாலும் சூரியன் வராது. அப்போது அந்த முதல் அடி வாயில் வருகிறபோது உடம்பு சிலிர்க்கும். பாட்டு முடிவதற்குள் என் இரண்டு பிள்ளைகளும் போர்வையோடு வந்து சுவரில் சாய்ந்து உட்காருவார்கள். மகனுக்கு ஒரு சின்ன மணி கொடுத்திருக்கிறேன். சேமக்கலம் அடித்தால் மேல்மாடிக்காரர் பாவம்.

நம் முன்னோர் மார்கழியைத் தேவர்களின் விடியற்காலம் என்றார்கள். நமக்கு ஒரு வருஷம் அவர்களுக்கு ஒரு நாள்; தை தொடங்கி ஆறு மாதம் பகல், ஆடி தொடங்கி ஆறு மாதம் இரவு. அப்படியென்றால் மார்கழிதான் விடியலுக்கு முந்திய நேரம். சின்ன வயதில் இதைக் கதை என்று கேட்டேன். ஆனால் 'சூரிய சித்தாந்தம்' என்ற பழைய வானியல் நூல், தேவர்கள் இருக்கும் மேரு வடமுனையில் இருக்கிறது, அங்கே அரை வருஷம் சூரியன் மறையாமல் தெரியும் என்று எழுதி வைத்திருக்கிறது. வடமுனையில் உண்மையிலேயே அப்படித்தான். எங்கள் திரொம்சோ முனையிலிருந்து நிறையத் தெற்கே இருப்பதால் எங்களுக்கு ஏழு கிழமை மட்டும். பழைய நூலில் இருந்த விஷயம், இப்போது என் வீட்டு ஜன்னலில் இருக்கிறது. மார்கழியை அதன் சொந்த ஊரில் கொண்டாடுகிற பாக்கியம் எனக்குக் கிடைத்திருக்கிறது என்று நான் மனமாரச் சொல்லுவேன்.

வானத்து ஒளியைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம் வரும். வடதுருவ ஒளிக்கு இங்கே 'நூர்லீஸ்' என்று பெயர். திரொம்சோ அது அடிக்கடி தோன்றுகிற வளையத்துக்கு நேர் கீழே இருக்கிறது. வானம் திறந்திருக்கும் இரவுகளில் குப்பை கொட்டப் போகிற வழியிலேயே பார்த்துவிடலாம். முதலில் வெண்மேகக் கீற்றுப் போல ஒரு கோடு. பிறகு அது பச்சையாகும், அசையும், யாரோ சேலையை உதறிக் காயப் போடுகிற மாதிரி வானம் முழுக்க விரியும். சூரியனிலிருந்து புறப்பட்டு வருகிற நுண்துகள்கள், நூறு கிலோமீட்டருக்கும் மேலே காற்றில் இருக்கும் ஒட்சிசனோடு மோதும்போது அந்தப் பச்சை பிறக்கிறது. திரும்பப் படியுங்கள்: சூரியனிலிருந்து! முகம் காட்டாத ஏழு கிழமையிலும் அது எங்களுக்குக் கடிதம் போட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு இரவு பாலத்தின் நடுவில் நின்று பார்த்தேன். மேலே பச்சை ஒளி; எதிர்க்கரையில் 1965இல் கட்டிய ஆர்க்டிக் பேராலயம், பனிப்பாளங்களை அடுக்கிச் சாய்த்தாற்போல் வெள்ளை வெளேர் என்று, உள்ளிருந்து ஒளிர்ந்துகொண்டு. அதன் கிழக்குச் சுவர் முழுவதும் விக்டர் ஸ்பாரே செய்த வண்ணக் கண்ணாடி. நான் சைவக்காரி. ஆனாலும் டிசம்பரில் ஒரு மாலையாவது அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போய் உட்கார்ந்து திருநீற்றைத் தொட்டுக்கொள்வேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

வெளிச்சம் மனத்துக்குள் வர உடம்பும் ஒத்துழைக்க வேண்டும். அதையும் இந்த ஊர்க்காரர் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பெயரில் 'ர்' எழுத்து வருகிற மாதமெல்லாம் மீன் எண்ணெய் குடிக்க வேண்டும் என்று ஒரு சொல்வழக்கு. செப்டெம்பர் தொடங்கி ஏப்ரல் வரை தினமும் காலையில் ஒரு கரண்டி. வெயில் தராத விற்றமின் டியை அது தருகிறது. பாட்டியின் குகையில் விளக்கெரித்ததும் மீன் ஈரல் எண்ணெய்தான், ஒவ்வொரு கரண்டிக்கும் எனக்கு அது ஞாபகம் வரும். இரண்டாவது, வெளியே போவது. என்ன குளிர் என்றாலும் நீல வெளிச்சம் இருக்கிறபோது ஒரு தடவை வெளியே நடந்துவிட வேண்டும். காட்டுக்குள் பனிச்சறுக்குப் பாதை நெடுக விளக்குக் கம்பம் நட்டு வைத்திருக்கிறார்கள்; இரவு ஏழு மணிக்குத் தாத்தாக்களும் பாட்டிகளும் சறுக்கிக்கொண்டு போவார்கள். கேரி லீபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் இந்த ஊருக்கு வந்து தங்கி, இங்குள்ளவர்கள் குளிர்காலத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்தார். வடக்கே போகப் போகச் சனம் குளிர்காலத்தை இன்னும் விருப்பத்தோடு பார்க்கிறது என்று கண்டார். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: சிலருக்கு இந்த இருட்டில் உண்மையான மனச்சோர்வு நோய் வருகிறது. அது சோம்பலும் இல்லை, பக்திக் குறைவும் இல்லை. அவர்கள் வைத்தியரிடம் போகவேண்டும்; ஒளிச் சிகிச்சை முதற்கொண்டு மருத்துவம் இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள் பின்னேரம் ஊர் முழுக்கச் சேமக்காலைக்குப் போகிறது. பனியை விலக்கிக் கல்லறைகளில் விளக்கு வைக்கிறார்கள். ஆயிரக்கணக்கான சுடர், பனியில். பேச்சில்லை. பாட்டி போய்ச் சேர்ந்து இப்போது ஐந்து வருஷமாகிறது. அவருடைய கல்லறையில் அவர் பிள்ளைகள் வைத்த விளக்குக்குப் பக்கத்தில் நானும் ஒன்று வைக்கிறேன். முதல் வருஷம் நான் வைத்தது மண் சிட்டி. அவர் மகன் வந்து பார்த்துவிட்டு, அணையாமல் இருக்கத் தன் கையால் சுற்றிவரப் பனியை அணைத்து வைத்தார்.

இனிப் பொங்கலுக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் வரும். நம் கணக்கில் சூரியன் வடக்கே திரும்புகிற நாள். திரொம்சோவின் கணக்கில், ஏழு கிழமை இருட்டு முடிந்து சூரியனின் விளிம்பு தொடுவானத்தைத் தொடுகிற நாள் ஜனவரி 15 அளவில். இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன! சூரியனுக்கு நன்றி சொல்கிற பண்டிகையை, அதைக் காணாமல் ஏழு கிழமை கிடந்தவர்களைவிட வேறு யார் மனமுருகிக் கொண்டாட முடியும்?

ஆனால் எந்தப் பக்கம் பார்த்துப் பொங்குவது? ஊரில் கிழக்கே பார்த்துப் பானை வைத்து, சூரியன் எழும்பப் பால் பொங்கும். இங்கே அந்த நாட்களில் வெளிச்சம் கிழக்கிலிருந்து வருவதில்லை. நண்பகலுக்குச் சற்று முன், நேர் தெற்கில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். தெற்கு யமன் திசையாச்சே என்று எனக்கு மனம் உறுத்தியது. அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "பிள்ளை, அவர் எங்க நிக்கிறாரோ அங்க பார்த்துப் பொங்கு" என்றார்.

அதனால் நாங்கள் பதினொன்றரை மணிக்குத் தெற்கே பார்த்துப் பொங்குகிறோம். குடியிருப்பின் முற்றத்தில் பனியைக் காலால் மிதித்து இறுக்கித் தளம் போடுவோம். அரிசிமாக் கோலம் பனியில் தெரியாது, வெள்ளை மேல் வெள்ளை. அதனால் மஞ்சளையும் குரக்கன் மாவையும் எடுத்துக்கொண்டு கோலம் போடுவேன். மூன்று கல்லுக்கு நடுவில் விறகு ஈரமென்றால் பிடிக்காது. காய்ந்த பேர்ச் மரக் கட்டையை ஒரு கிழமைக்கு முந்தியே வீட்டுக்குள் வைத்துவிடுவேன். பேர்ச் பட்டை கடதாசி போலப் பற்றும். பித்தளைப் பானையில் பால். குளிரில் அது சூடாக நேரமெடுக்கும். எல்லாரும் கையைப் பானைக்குக் கிட்ட நீட்டியபடி நிற்போம். எங்கள் இரண்டு தமிழ்க் குடும்பம், பக்கத்து வீட்டு நோர்வேக்காரர், மேல்மாடிச் சோமாலிய அம்மாவும் அவர் பிள்ளைகளும். தெற்கே வானம் தோடம்பழ நிறமாகும். அப்போது பின்னால் யாராவது கத்துவார்கள், திரும்பிப் பார்த்தால் தூரத்து மலைகளில் உயரமான ஒன்றின் நுனி மட்டும் ரோசா நிறத்தில் பற்றி நிற்கும். எங்களுக்கு இன்னும் தெரியாத சூரியன் அந்த மலைக்குத் தெரிந்துவிட்டது! பால் நுரைத்து எழும்பித் தெற்குப் பக்கமாய் வழியும். பனியில் விழுந்து சுர் என்று ஆவி பறக்கும். என் மகன் சங்கு ஊதுவான். அவனுக்கு இன்னும் சரியாக வராது, ஆனாலும் ஊதுவான். "பொங்கலோ பொங்கல்" என்று சோமாலியப் பிள்ளைகள் கத்துகிற கத்தல் கடலுக்கு அப்பால் கேட்கும்.

நகரத்தைச் சுற்றி மலை இருப்பதால் சூரியன் ஊருக்குள் முகம் காட்ட இன்னும் ஆறேழு நாள் ஆகும். ஜனவரி 21ஐ இங்கே சூரிய நாள் என்று கொண்டாடுகிறார்கள். பேக்கரிகளில் காலையிலேயே வரிசை. உள்ளே ஜாம் வைத்துப் பொரித்த உருண்டை பணிஸ், அன்றைக்கு அதன் பெயர் சூரிய பணிஸ். பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்கள் வெளியே கூட்டிவருவார்கள். மேகம் இல்லாத வருஷமென்றால், இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு தங்கக் கீறல் சில நிமிஷம் தெரியும். தெருவில் போகிறவர்கள் அப்படியே நிற்பார்கள். கடைக்காரி வெளியே வருவாள். பேருந்துச் சாரதி கையை அசைப்பார். முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். தெருவிலே செருப்பைக் கழற்ற முடியாது, சப்பாத்தோடேயே நின்று கைகூப்புவேன். கன்னத்தில் அந்த வெயில் படுகிறதா என்றுகூடச் சொல்ல முடியாது, அத்தனை மெல்லியது. ஆனால் என் நிழல் பனியில் விழும். ஏழு கிழமைக்குப் பிறகு என் நிழலைப் பார்ப்பேன்.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு நோர்வேயிலோ சுவீடனிலோ பின்லாந்திலோ ஒரு பிள்ளை இருக்கலாம், அல்லது அடுத்த வருஷம் படிக்கவோ வேலைக்கோ போக இருக்கலாம். பயணப் பெட்டியில் மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் நிச்சயம் வைப்பீர்கள். அதோடு இரண்டு மண் சிட்டியையும் ஒரு கட்டுத் திரியையும் வைத்துவிடுங்கள். சட்டைக்குள் சுற்றி வையுங்கள், உடையாது. கார்த்திகை விளக்கீடன்று தொலைபேசி எடுத்து, ஏற்றினாயா என்று கேளுங்கள்.